பிள்ளையார் பிடிக்கப் போய் லாமாவாய் முடிந்த கதை

முதலிலேயே ஒரு விளக்கம். திபெத்தில் இருக்கும் லாமாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டஸ் மலைப் பக்கம் கம்பளிக்காகவும் சுமை தூக்கவும் வளர்க்கிறார்களே, நீளமான கழுத்தும் அலட்சியமான பார்வையுமாய், ஒட்டகத்துக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒரு மிருகம், அந்த லாமா!

படத்தின் பெயர் 'தி எம்பரர்ஸ் நியூ குரூவ்'. டிஸ்னி தயாரிப்பு. அமெரிக்கத் தியேட்டர்களில் 2000 டிசம்பர் 15 அன்று வந்தது. முதல் வாரக் கடைசியில் நாலாவது இடம்தான் கிடைத்தது. உலகம் முழுக்க மொத்தம் சுமார் 169 மில்லியன் டாலர் வசூல். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் செலவே 100 மில்லியனாம். அதே டிஸ்னியின் 'லயன் கிங்' 1994-ல் வாரிக் குவித்ததைப் பார்த்தவர்களுக்கு இது சில்லறைக் காசு. "அவ்வளவுதான், ஊத்திக்கிச்சு" என்று பலரும் கை கழுவிவிட்டார்கள்.

பிறகுதான் வேடிக்கை. 2001 மே 1 அன்று டிவிடி வந்தது. தியேட்டர் பக்கம் போகாத கூட்டம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தது. வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. 2005-ல் க்ரோங்க் என்கிற அடியாளை ஹீரோவாக்கி, நேராக வீடியோவுக்கே ஒரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள். 2006-ல் டிவி தொடரும் ஆரம்பமானது. தியேட்டரில் படுத்த படத்துக்கு வீட்டு டிவிடி பிளேயரில் மறுபிறவி. ஆகவே இந்தப் படத்தை எடைபோட வேண்டுமென்றால் டிவிடியை எடைபோடுவதுதான் நியாயம்.

டிவிடி அப்போதே இரண்டு விதமாக வந்தது. ஒற்றை டிஸ்க் ஒன்று. 'அல்டிமேட் குரூவ்' என்ற பெயரில் இரண்டு டிஸ்க் பெட்டி இன்னொன்று. இங்கே பேசப்போவது அந்தப் பெட்டியைப் பற்றி.

படம் எப்படி?

கதை தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை, அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

குஸ்கோ ஒரு சக்கரவர்த்தி. பதினெட்டு வயசு. திமிர் என்றால் அப்படி ஒரு திமிர். தனக்குத் தானே பிறந்தநாள் பரிசாக, நீச்சல் குளத்தோடு ஒரு கோடை மாளிகை கட்டிக்கொள்ள ஆசை. எங்கே கட்டுவது? பாச்சா என்கிற குடியானவனின் கிராமம் இருக்கும் மலை உச்சியில். அங்கே இருக்கிற ஜனங்கள்? "அது உங்க பிரச்சினை" என்கிற மாதிரி ஒரு பார்வை.

இதற்கு நடுவில் இஸ்மா என்ற கிழட்டு மந்திரியை வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறான். இஸ்மா சும்மா இருப்பாளா? ராத்திரி சாப்பாட்டில் விஷம் வைக்கத் திட்டம். வேலையை ஒப்படைத்தது அடியாள் க்ரோங்கிடம். க்ரோங்குக்குத் தோள் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, மூளை மட்டும் கொஞ்சம் அளவாக. சீசாவை மாற்றி எடுத்துவிடுகிறான். விஷத்துக்குப் பதில் லாமாவாக மாற்றும் மருந்து. அப்புறம் என்ன, லாமாவாகிப்போன ராஜாவும், யாருடைய வீட்டை இடிக்க இருந்தானோ அந்தக் குடியானவனும் சேர்ந்து அரண்மனைக்குத் திரும்பும் பயணம்.

இவ்வளவுதான் கதை. 78 நிமிஷம். ஆனால் சிரிப்பு அடர்த்தியாக இருக்கிறது. குஸ்கோவே கதை சொல்கிறான். நடுவில் பாச்சா பக்கம் கதை போனால் படத்தை நிறுத்திவிட்டு, சிவப்புப் பேனாவால் திரையிலேயே கிறுக்கி, "இது என்னைப் பற்றிய கதை" என்று ஞாபகப்படுத்துகிறான்! க்ரோங்க் பதுங்கிப் போகும்போது தனக்குத் தானே பின்னணி இசையை வாயால் போட்டுக்கொள்கிறான். கடைசித் துரத்தலில், பள்ளத்தில் விழுந்த வில்லி ஹீரோவுக்கு முன்னாடியே அரண்மனையில் நிற்கிறாள். எப்படி என்று கேட்டால், க்ரோங்க் வரைபடத்தை இழுத்துக் காட்டி, தனக்கும் புரியவில்லை என்று ஒத்துக்கொள்கிறான். இந்தத் தைரியம் எத்தனை படத்துக்கு வரும்?

குரல்களும் பொருத்தம். குஸ்கோவுக்கு டேவிட் ஸ்பேட், பாச்சாவுக்கு ஜான் குட்மேன், இஸ்மாவுக்கு அர்த்தா கிட், க்ரோங்குக்கு பேட்ரிக் வார்பர்ட்டன். இவர்களில் வார்பர்ட்டன் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

டிஸ்கில் என்ன இருக்கிறது?

படமும் ஒலியும் முதல் தரம். பென்சிலால் கையில் வரைந்து, கம்ப்யூட்டரில் வண்ணம் பூசிய படம் என்பதால் கோடுகள் கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிகின்றன. அரண்மனையின் தங்க நிறம், காட்டின் கருநீலம், இஸ்மாவின் ஊதா எல்லாம் அப்படியே பளிச். ரகசிய ஆய்வுக்கூடத்துக்கு உருண்டோடும் அந்த வண்டிச் சவாரியை ஸ்பீக்கர் உள்ள வீட்டில் பார்க்க வேண்டும்.

கமெண்டரி டிராக் கட்டாயம் கேட்க வேண்டியது. இயக்குநர் மார்க் டிண்டால், தயாரிப்பாளர் ராண்டி ஃபுல்மர், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெட்டிய காட்சிகளும் உண்டு. பாச்சாவின் கிராமம் இடிபடும் காட்சி ஒன்று. அதைப் பார்த்தால் ஏன் வெட்டினார்கள் என்பது உடனே புரியும். வீடு இடிவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் குஸ்கோ என்ன ஜோக் அடித்தாலும் சிரிப்பு வராது. ஸ்டிங் பாடிய 'மை ஃபன்னி ஃப்ரெண்ட் அண்ட் மீ' பாட்டின் வீடியோ இருக்கிறது. (2001 ஆஸ்கரில் பரிந்துரை வரைக்கும் போன பாட்டு. பரிசு பாப் டிலனுக்குப் போனது.) குழந்தைகளுக்கு ரிமோட்டில் விளையாடும் ஒரு விளையாட்டும் உண்டு.

இரண்டாவது டிஸ்க் முழுக்கப் படம் உருவான விதம். கதை, ஓவியம், அசைவு, இசை என்று படிப்படியாக ஒரு பட்டறையைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி. அனிமேஷன் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல பாடம். வெறும் விளம்பரத் துணுக்குகளை ஒட்டிவைத்து "சிறப்பு அம்சங்கள்" என்று காசு பிடுங்கும் பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் முழு மார்க் போட்டுவிடலாமா?

அங்கேதான் இடிக்கிறது.

டிஸ்கில் இல்லாதது

இந்தப் படம் முதலில் இந்தப் படமே இல்லை. அதன் பெயர் 'கிங்டம் ஆஃப் த சன்'. சிரிப்புப் படம்கூட அல்ல; இன்கா சாம்ராஜ்யத்தைப் பின்னணியாக வைத்த, பாட்டும் காதலும் மந்திரமும் கலந்த ஒரு பிரம்மாண்ட காவியம். இயக்கியவர் ரோஜர் ஆலர்ஸ், 'லயன் கிங்'கின் இரண்டு இயக்குநர்களில் ஒருவர். 1994-ல் ஆரம்பித்த வேலை. 1996-ல் குழுவோடு பெரு நாட்டுக்கே போய் மாச்சு பிச்சுவைச் சுற்றிப் பார்த்து வந்தார்கள்.

அந்தக் கதையில் ராஜாவும் ஒரு லாமா மேய்க்கும் பையனும் அச்சு அசலாக ஒரே முகம். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இஸ்மாவுக்குச் சூரியன் மேல் கோபம். வெயில் பட்டுத்தானே முகத்தில் சுருக்கம் விழுகிறது? அதனால் சூரியனையே பிடித்து அடைத்துவிடப் பார்க்கிறாள். இந்தக் கதைக்காக ஸ்டிங் ஆறு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டிங் ஒரு நிபந்தனையும் போட்டார்: தன் மனைவி ட்ரூடி ஸ்டைலர் இந்த வேலை நடப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை படம் பிடிக்க வேண்டும். டிஸ்னி ஒத்துக்கொண்டது. பாவம், பின்னால் என்ன வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலை இழுத்துக்கொண்டே போனது. 2000 கோடையில் வெளியிட வேண்டும், அதற்கேற்ற விளம்பர ஒப்பந்தங்கள் வேறு காத்திருந்தன. 1998-ல் அதுவரை வரைந்ததைப் போட்டுப் பார்த்த மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. ஆலர்ஸ் கூடுதல் அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. நாலு வருஷ உழைப்பை விட்டுவிட்டு விலகினார். தயாரிப்பு நின்றது. வேலை இல்லாமல் நின்ற ஓவியர்களில் பலர் அந்த இடைவெளியில் வரைந்ததுதான் 'ஃபேன்டசியா 2000' படத்தில் வரும் 'ராப்சடி இன் ப்ளூ' பகுதி. இஸ்மாவை வரைந்துகொண்டிருந்த ஆண்ட்ரியாஸ் டேயா புளோரிடா ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்; பிற்பாடு 'லிலோ அண்ட் ஸ்டிச்' படத்தில் லிலோவை வரைந்தவர் அவர்தான். திரையில் பார்க்கிற இஸ்மா, டேல் பேர் என்பவர் கையில் புதிதாகப் பிறந்தவள்.

ஏற்கெனவே இணை இயக்குநராக இருந்த மார்க் டிண்டால் மிச்சத்தை ஏற்றார். கதைக்குழுவில் இருந்த கிறிஸ் வில்லியம்ஸ், பாச்சாவை ராஜாவின் சாயல் உள்ள பையனாக வைக்காமல் வயதான குடும்பஸ்தனாக மாற்றலாம் என்று யோசனை சொன்னார். இரட்டை வேடம் போனது. காதல் போனது. சூரியனைப் பிடிக்கும் திட்டம் போனது. அதோடு ஸ்டிங்கின் ஆறு பாட்டும் போனது. தயாரிப்பாளர் ஃபுல்மர் போனில் கூப்பிட்டு இந்தச் சேதியைச் சொல்ல வேண்டியிருந்தது. அவற்றில் மூன்று மட்டும் பாட்டு சிடியில் ஒதுங்க இடம் பிடித்தன.

ஸ்டிங் கோபத்தைத் தாண்டிக் கூடவே இருந்தார், புதுப் பாட்டும் எழுதினார். அப்புறமும் ஒரு சண்டை. புதிய கதையின் முடிவில், மனம் திருந்திய குஸ்கோ பாச்சாவின் மலையை விட்டுவிட்டு வேறு இடத்தில் தன் உல்லாசப் பூங்காவைக் கட்டிக்கொள்வதாக இருந்தது. காட்டுப் பழங்குடிகளின் உரிமைக்காக மனைவியோடு சேர்ந்து 1989-ல் ஒரு அமைப்பையே தொடங்கியவர் ஸ்டிங். பூர்வகுடிகளின் நிலத்தில் பூங்கா கட்டுவதை ஒரு குழந்தைப் படம் சந்தோஷமான முடிவாகக் காட்டினால், தான் விலகுவதாகக் கடிதம் எழுதினார். முடிவு மாறியது. இன்று படத்தில் குஸ்கோ பாச்சாவின் வீடு மாதிரியே ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டு ஊர் ஜனங்களோடு சிரித்துக்கொண்டிருக்கிறானே, அந்தக் குடிசை ஒரு கடிதத்தால் வந்தது.

இத்தனையும் ட்ரூடி ஸ்டைலரின் கேமராவில் பதிவானது. ஜான்-பால் டேவிட்சனோடு சேர்ந்து அவர் அதை 'தி ஸ்வெட்பாக்ஸ்' என்ற முழு ஆவணப்படமாகவே ஆக்கினார். டிஸ்னியில் அந்தக் காலத்தில் ஏ.சி. இல்லாத சின்னத் திரையரங்கு ஒன்று இருந்ததாம். வரைந்ததைப் போட்டுக் காட்டிவிட்டு, முதலாளி என்ன சொல்வாரோ என்று ஓவியர்கள் வியர்த்து வழிந்த அறை. அதன் பெயர்தான் படத்தின் பெயர்.

2002-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அப்புறம் கொஞ்ச நாள் தலையைக் காட்டிவிட்டு மறைந்துபோனது. உரிமை டிஸ்னி கையில். 2012-ல் யாரோ இணையத்தில் ஏற்றிவிட, சில நாள் ஊரே பார்த்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். 2005-ல் 'நியூ குரூவ் எடிஷன்' என்று மறுபடி டிவிடி போட்டார்கள். அதில் ஸ்வெட்பாக்ஸ் இல்லை. 2013-ல் ப்ளூ-ரே வந்தது, அதிலும் இல்லை.

ஏன் இது பெரிய விஷயம்?

"படம் நல்லா இருக்கா, சிரிச்சமா, போய்க்கிட்டே இருப்போம். உள்ளே யார் அழுதா என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் இரண்டாவது டிஸ்க் பேசுவதே படம் உருவான விதத்தைப் பற்றித்தான். அதைப் பார்க்கிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ என்ன தோன்றும்? கெட்டிக்காரர்கள் ஒரு அறையில் கூடினார்கள், நல்ல யோசனை வந்தது, சிரித்துக்கொண்டே வரைந்தார்கள், படம் ரெடி! ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய புராஜெக்டை வாத்தியார் ஒரே வரியில் நிராகரித்த அன்றைக்கு இந்த டிஸ்கைப் போட்டுப் பார்க்கிறவருக்கு, "திறமை இருக்கிறவங்களுக்கு இப்படியெல்லாம் நடக்காது போல" என்ற எண்ணம்தான் மிஞ்சும். நடந்ததோ நேர் எதிர். 'லயன் கிங்' எடுத்தவருக்கே நடந்தது. ஸ்டிங்குக்கே நடந்தது. அவர்களுடைய நாலு வருஷம் பெட்டிக்குள் போனது. அதன் பிறகும் மிச்சம் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, இருக்கிற கொஞ்சக் காலத்தில் இவ்வளவு சிரிக்க வைத்தார்கள். இது அந்தப் பெட்டியில் இருக்கிற எந்த விஷயத்தையும்விடத் தெம்பு கொடுக்கும் செய்தி இல்லையா?

தெரிந்துகொண்டு பார்த்தால் படமே வேறு மாதிரி தெரிகிறது. முக்கியமான ஆட்கள் நாலே பேர், பெரிய கூட்டக் காட்சிகள் கம்மி, பாட்டு கம்மி. காவியத்துக்கு இதெல்லாம் குறை. சிரிப்புப் படத்துக்கு இதுவே பலம். நாலு பேர் மாறி மாறிப் பேசியே அடிக்க வேண்டிய நிலைமை வந்ததால்தான் க்ரோங்க் மாதிரி ஒருவன் நடுக்கூடத்துக்கு வந்தான். வரைபடம் காட்டி "புரியலை" என்று ஒத்துக்கொள்ளும் அந்த ஜோக்கிலும், இனி இழக்க ஒன்றுமில்லை என்கிறவர்களின் விளையாட்டுத்தனம் தெரிகிறது.

டிஸ்னி பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிராகரித்தவர்கள் எல்லாம் வில்லன்கள் இல்லை. பழைய கதையில் நிஜமாகவே சிக்கல் இருந்திருக்கலாம். ஆலர்ஸின் காவியம் முடிந்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தன் அலுவலகத்தில் நடந்த மனஸ்தாபங்களைக் காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் போட எந்தக் கம்பெனியும் தயங்கத்தான் செய்யும். குழந்தைப் படம் வேறு.

ஆனால் முடியாத காரியம் அல்ல. பிக்ஸாரின் 'டாய் ஸ்டோரி' 1993 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்னிக்குப் போட்டுக் காட்டப்பட்டு மண்ணைக் கவ்வியது. அதில் வூடி சகிக்க முடியாத அளவுக்குக் கொடுமைக்காரன். அந்தச் சொதப்பலைப் பற்றிய பகுதியை 2010-ல் வந்த ப்ளூ-ரேயில் அவர்களே வைத்தார்கள். படத்தின் மதிப்பு குறைந்தா போயிற்று? டிஸ்னியே 2010-ல் 'வேக்கிங் ஸ்லீப்பிங் பியூட்டி' என்று தன் ஸ்டூடியோவின் சண்டை சச்சரவுகளைப் பற்றி ஒரு ஆவணப்படத்தை வெளியிட்டது. 2020-ல் 'ஃப்ரோஸன் 2' உருவான கதையை ஆறு பகுதிகளாகப் போட்டது. அதில் ஒரு பாட்டு சரியாக வராமல் எல்லோரும் தவிக்கும் தவிப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. மற்றதற்கெல்லாம் கதவு திறந்தவர்கள் இதற்கு மட்டும் பூட்டுப் போட்டிருப்பதுதான் உறுத்துகிறது.

பழைய பழமொழியில் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால் அது தோல்வி. இங்கே லாமாவாய் முடிந்தது, லாமாவும் ரொம்ப அழகாகவே வந்துவிட்டது. அப்படியிருக்க, கலைந்துபோன பிள்ளையாரின் களிமண்ணைக் காட்டுவதில் என்ன வெட்கம்?

மார்க் ஷீட்

படம்: 5-க்கு நாலரை. க்ரோங்குக்காகவே பாதி.

ஒளி, ஒலி: 5-க்கு 5.

எக்ஸ்ட்ராக்கள்: 5-க்கு மூன்றரை. இருப்பது எல்லாம் நல்ல சரக்கு. இல்லாத ஒன்றுக்காக ஒன்றரை மார்க் கட்.

வாங்கலாமா? தாராளமாக. 2001 பெட்டி இப்போது பழைய டிவிடி விற்பவர்களிடம்தான் கிடைக்கும், பார்த்தால் விடாதீர்கள். வாங்கும்போது இரண்டு டிஸ்கும் உள்ளே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். முதல் தடவை தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து சும்மா சிரித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை தனியாகப் போட்டுப் பாருங்கள். கடைசிக் காட்சியில் அந்தச் சின்னக் குடிசை வரும்போது, அங்கே முதலில் என்ன இருந்தது என்பதையும், யார் மறுத்ததால் அது மாறியது என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.